புதுப் படுக்கையறைக்கு டிசைனர் பெட்சைடு டேபிள்: ஜோடியாகவா, வேறு வேறாகவா?

தாழ்வாரம்:

எல்லோருக்கும் வணக்கம். படுக்கையறையை முழுக்கப் புதுப்பித்து முடித்துவிட்டோம், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வைக்கும் மேசைகள் மட்டும் பாக்கி. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முடிவெடுக்க முடியவில்லை.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாழ்வான கட்டில், தலைமாட்டில் துணி போர்த்திய நேர்ப்பலகை, கைப்பிடியே இல்லாத அலமாரி, சாம்பல் கலந்த பச்சைச் சுவர். எல்லாம் நேர்கோடு, எல்லாம் வழவழப்பு. விரும்பித்தான் அப்படிச் செய்தோம். ஆனால் உள்ளே நுழைந்தால் கண் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை. அதனால் மேசைகளிலாவது கொஞ்சம் உயிர் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டில் அகலம் 180 செ.மீ. அதன் இடப்பக்கம் சுவர் வரை 62 செ.மீ., வலப்பக்கம் 85 செ.மீ.

மூன்று மாதிரிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, உருளை வடிவம், சுற்றிலும் செங்குத்தாக வரிவரியாகக் குடைந்த வால்நட் வெனீர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தோல்), மேலே வெள்ளை மார்பிள், உயரம் 58 செ.மீ. இன்னொன்று, எஃகுக் குழாயும் புகை நிறக் கண்ணாடியும், பக்கத்திலிருந்து பார்த்தால் சி வடிவம். மூன்றாவது சுவரில் மாட்டும் ஒற்றை டிராயர் பெட்டி, கால் கிடையாது. என் கணவர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வேண்டும் என்கிறார், எனக்கு வேறு வேறாக வைக்கலாம் என்று தோன்றுகிறது. இதை யோசித்து வாங்கிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மரத்தூள்:

சகோதரி, நான் மர வேலை செய்கிறவன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. அதை ஆள் இல்லாமல் ஒரு முறையும், நீங்கள் படுத்திருக்கும்போது இன்னொருவரை அளக்கச் சொல்லி ஒரு முறையும் எடுங்கள். நுரை மெத்தை என்றால் உடம்பின் கனத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கும். கடையில் மெத்தையின் பருமனையும் கட்டிலின் உயரத்தையும் கூட்டி ஒரு கணக்குச் சொல்வார்கள், அது காலியான கட்டிலுக்கான கணக்கு, மேசையைத் தேடும் கையோ படுத்திருக்கும் உடம்போடு சேர்ந்து இறங்கியிருக்கும்.

படுத்தபடியே தோளை அசைக்காமல் முழங்கையை மட்டும் மடக்கி நீட்டுங்கள், உள்ளங்கை எங்கே போய் நிற்கிறதோ அதுதான் மேசையின் உயரம். பெரும்பாலும் அது மெத்தையின் மட்டத்துக்குச் சமமாகவோ அதிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே கீழேயோ வரும். அதைவிட உயர்ந்தால் தண்ணீர் டம்ளரை எடுக்க மணிக்கட்டை மேல்நோக்கி ஒடிக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் கொட்டுவது அப்போதுதான். ரொம்பத் தாழ்ந்தால் கட்டிலை விட்டு வெளியே சாய வேண்டும்.

உங்கள் கட்டில் தாழ்வு என்கிறீர்கள், அப்படியானால் அந்த 58 செ.மீ. உருளை எனக்கு இப்போதே சந்தேகமாக இருக்கிறது. அது மெத்தைக்கு அடியில் ஸ்பிரிங் பெட்டியும் வைத்த உயரமான கட்டிலுக்குச் செய்ததாக இருக்கும்.

வெண்பனி:

சுவரில் மாட்டுவதுதான் என் ஓட்டு அக்கா. கீழே கூட்டிப் பெருக்கவும் துடைக்கவும் அவ்வளவு சுலபம். சின்ன அறை பெரியதாகத் தெரியும். உயரத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம், மரத்தூள் அண்ணா சொல்லும் பிரச்சினையே வராது.

கடைசிப்பக்கம்:

"கண் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். தனித்துத் தெரியும் மேசை வேண்டும் என்று தேடும்போது நாம் அலங்காரத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம், வரி, வளைவு, கல், பித்தளை என்று. ஆனால் நூறு வருடமாகப் பேர் சொல்லி நிற்கும் சிறு மேசைகளை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தொந்தரவைத் தீர்க்கப் போய்த்தான் அந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது.

நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன எஃகும் கண்ணாடியும் சேர்ந்த மேசை, அயர்லாந்தில் பிறந்த வடிவமைப்பாளர் ஐலீன் கிரே 1927இல் வடிவமைத்ததன் வழியில் வந்தது. பிரான்சின் தெற்குக் கடலோரம் ரோக்புருன் காப் மார்த்தனில் அவர் கட்டிய வீட்டுக்காகச் செய்தது. அந்த வீட்டின் பெயர் ஈ 1027, மேசைக்கும் அதே பெயர். ஈ என்பது ஆங்கிலத்தில் ஐலீனின் முதலெழுத்து, 10 என்பது ஆங்கில வரிசையில் பத்தாவது எழுத்தான ஜே, 2 பி, 7 கிரேயின் ஜி, அதாவது அவருடைய தோழர் ழான் படோவிசியின் முதலெழுத்துகளை நடுவில் வைத்துத் தன் பெயரால் சுற்றிக் கட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்கு வரும் தன் சகோதரி படுக்கையிலேயே காலை உணவு சாப்பிடுவார் என்பதற்காகச் செய்தார் என்று சொல்வார்கள். அடிப்பாகம் முழு வட்டமாக மூடாமல் ஒரு பக்கம் திறந்திருப்பதால் கட்டிலுக்கு அடியில் நுழையும், மேல்வட்டம் மடிக்கு நேராக வரும், பின்னால் உள்ள தண்டில் சிறு சங்கிலியில் தொங்கும் ஆணியைச் செருகி உயரத்தை மாற்றலாம். அந்தச் சங்கிலிகூட அலங்காரத்துக்கு இல்லை, ஆணி தொலையாமல் இருக்கத்தான். எனக்கு அந்தச் சங்கிலியைப் பார்த்தால் கண் கலங்கும், அவ்வளவு அக்கறை அதில்.

இன்னொன்று இத்தாலியின் கார்டெல் நிறுவனத்துக்காக அன்னா கஸ்தெல்லி ஃபெரியேரி 1967இல் செய்த கொம்போனிபிலி. வட்டமான பிளாஸ்டிக் அடுக்கு, 32 செ.மீ. விட்டம், திருகு எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். கதவு வெளியே திறக்காது, வட்டத்தின் சுவரை ஒட்டியே சறுக்கும், விரல் நுழைக்க ஓர் ஓட்டை மட்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கதவு திறக்க இடமே இல்லாத அறையில் அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1957இல் நோல் என்ற அறைகலன் நிறுவனத்துக்குச் செய்த ஒற்றைத் தண்டு மேசைகளும் அப்படித்தான், மேசைக்கு அடியில் கால்கள் காடு போல நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் எல்லாக் கால்களையும் ஒரே தண்டாக்கினார்.

எனவே என் கேள்வி இது. இரவில் உங்களுக்கு என்ன தொந்தரவு? உங்கள் கணவருக்கு என்ன தொந்தரவு? அதை எழுதுங்கள், மேசை தானாக வரும்.

தாழ்வாரம்:

மரத்தூள் அண்ணா சொன்னபடி நேற்று இரவு அளந்தோம். மெத்தை காலியாக 48 செ.மீ., படுத்தால் 44. கை நின்ற இடம் 46. ஆக 58 செ.மீ. உருளை போயே போய்விட்டது, கொஞ்சம் வருத்தம்தான், மனசு அதில்தான் இருந்தது.

கடைசிப்பக்கம், உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் நாங்கள் இருவரும் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்று தெரிந்தது. எனக்கு மூக்குக் கண்ணாடி, தண்ணீர், இரவு போடும் மாத்திரை, கைக்குப் போடும் களிம்பு, ஃபோன். ஃபோன் கண்ணில் படாமல் இருந்தால்தான் தூக்கம் வரும். அவருக்கு நான்கைந்து புத்தகம், எல்லாம் விரித்துக் கவிழ்த்தபடி, கைக்கடிகாரம், அவ்வளவுதான். அவர் பக்கம்தான் இடமும் குறைவு, அந்த 62 செ.மீ. பக்கம்.

மரத்தூள்:

அப்போது உங்களுக்கு மூடிய டிராயர் தேவை, அவருக்குத் திறந்த தட்டு தேவை. ஜோடியா இல்லையா என்ற கேள்வியில் பாதி இங்கேயே தீர்ந்தது.

அந்த 62 செ.மீ. பக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேசையைக் கட்டிலோடு ஒட்டி வைக்க முடியாது, போர்வை தொங்கவும் விரிப்பைச் செருகக் கை போகவும் ஐந்தாறு சென்டிமீட்டர் விட வேண்டும். மறுபக்கம் சுவரோடும் ஒட்டாமல் கொஞ்சம் விட்டால்தான் சுவரில் கீறல் விழாது, மேசையும் அடைத்து வைத்தது போல இருக்காது. அப்புறம் மிஞ்சுவது 45 செ.மீ. அகலம், அதற்கு மேல் போகாதீர்கள். உங்கள் பக்கம் 55 வரை போகலாம். ஆழம் 40 செ.மீ. போதும், அதற்கு மேல் போனால் கட்டிலிலிருந்து எழும்போது முழங்காலில் இடிக்கும்.

ஈரக்கல்:

மார்பிள் மேல்பலகை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக வெள்ளை மார்பிள். வாங்கிய முதல் மாதமே என் பக்கம் வட்ட வட்டமாக மங்கிப்போனது. கறை என்று நினைத்து எதையெதையோ போட்டுத் துடைத்தேன், மங்கல் அதிகமானது. பிறகுதான் புரிந்தது, அது கறையே இல்லை. மார்பிள் என்பது அடிப்படையில் கால்சியம் கார்பனேட், புளிப்பு எது பட்டாலும் கல்லின் மேல்தோலையே அரித்துவிடும். எலுமிச்சை பிழிந்த வெந்நீர் குடிக்கும் பழக்கம் எனக்கு, முகத்துக்குப் போடும் சில வைட்டமின் சி திரவங்களும் அமிலம்தான். நான் துடைத்த திரவத்திலும் அமிலம் இருந்திருக்கிறது.

விற்றவர்கள் சீலர் என்ற காப்புப் பூச்சு பூசியிருக்கிறோம், பயமில்லை என்றார்கள். சீலர் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அமிலம் அரிப்பதைத் தடுக்காது. இதை வாங்கும்போது ஒருவர் சொல்லியிருந்தால் நான் வேறு கல் எடுத்திருப்பேன். தாழ்வாரம், நீங்கள் களிம்பு வைப்பவர் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மார்பிள் மேல் ஆசை விடவில்லை என்றால் கண்ணாடி போல மின்னும் பாலிஷ் வேண்டாம், மங்கலான மேற்பரப்பாக எடுங்கள், அரிப்பு அதில் அவ்வளவாகத் தெரியாது. கிரானைட்டோ, குவார்ட்சைட் என்ற கடினமான கல்லோ என்றால் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் குவார்ட்சைட் என்ற பெயரில் மார்பிளை விற்பவர்களும் உண்டு, ஒரு சின்னத் துண்டு வாங்கி எலுமிச்சைச் சாறு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

நேர்கோடு:

நான் உங்கள் கணவர் பக்கம். படுக்கையறை ஓய்வெடுக்கும் இடம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கண் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அடங்கும். வேறு வேறாக வைத்த அறைகளைப் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், நேரில் பாதிப்பேர் வீட்டில் கிடைத்ததை எடுத்து வைத்தது போலத்தான் இருக்கிறது. சமச்சீர் என்பது பழைய பாணி என்று யாரோ சொன்னதால் அதைக் கைவிட வேண்டாம்.

கடைசிப்பக்கம்:

நேர்கோடு, நீங்கள் சொல்லும் அடக்கம் எனக்கும் வேண்டும்தான். ஆனால் அது வடிவம் ஒன்றாக இருப்பதால் மட்டும் வருவதில்லை. ஒரு பக்கம் கனமாக, இன்னொரு பக்கம் லேசாக இருந்தால்தான் கண்ணுக்கு உறுத்தும். மேல்மட்டம் இரண்டும் ஒரே உயரத்தில் ஒரு கோடு போல ஓட வேண்டும், அது தப்பினால் எதுவும் காப்பாற்றாது. ஒரே மரமோ ஒரே உலோகமோ இரண்டிலும் எங்காவது வர வேண்டும். இரண்டு பக்கமும் விளக்கு ஒரே விளக்காக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்துவிட்டால் ஒன்று வட்டம், ஒன்று சதுரம் என்று வைத்தாலும் அண்ணன் தங்கை போல இருக்கும்.

இன்னொன்று, இந்த அறையில் இரண்டு பக்கமும் இடமே சமமாக இல்லை. 62க்கும் 85க்கும் நடுவில் ஒரே மேசையை வைத்தால் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் வெறிச்சென்றும் தெரியும். கட்டிலை நகர்த்தி நடுவில் வைக்க முடியுமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தாழ்வாரம்:

நகர்த்த முடியாது, ஜன்னலும் சுவரில் பதித்த விளக்குப் பாயிண்ட்களும் கட்டிலின் இப்போதைய இடத்துக்குத்தான் அமைந்திருக்கின்றன.

நேர்கோடு:

இடம் சமமாக இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியென்றால் கடைசிப்பக்கம் சொல்வது சரி. மேல்மட்டக் கோடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சாய்வுநாற்காலி:

சுவரில் மாட்டும் மேசையைப் பற்றி வெண்பனி எழுதியதற்கு ஒரு பதில். நாங்களும் அப்படித்தான் மாட்டினோம், அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் இரவு அப்பா எழுந்திருக்கும்போது கை ஊன்ற அந்தப் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். சுவர் ஜிப்சம் பலகை, பின்னால் சட்டம் இல்லாத இடத்தில் ஓட்டை போட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகியிருந்தார்கள், பெட்டியோடு சேர்ந்து அப்பாவும் கீழே விழுந்தார். தோளில் அடி, நல்லவேளை எலும்பு முறியவில்லை.

மேசையின் மேல் என்ன வைப்போம் என்று கணக்குப் போட்டு ஐந்து கிலோ, பத்து கிலோ என்கிறார்கள். வைக்கும் பொருளை விட்டுவிடுங்கள், ஊன்றும் ஆளைக் கணக்கில் எடுங்கள். வயதானவர்களோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுபவர்களோ, முழங்கால் வலி உள்ளவர்களோ கையருகே எது இருக்கிறதோ அதை ஊன்றுவார்கள், அரைத் தூக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. சுவரில் மாட்டுவதானால் கெட்டிச் செங்கல்லாகவோ கான்கிரீட்டாகவோ இருக்கட்டும். ஜிப்சம் என்றால் உள்ளே மரச்சட்டமோ பிளைவுட்டோ கொடுத்து அதில் திருகுங்கள், பலகை மூடிய பிறகு வெறும் பிளக்கை நம்ப வேண்டாம்.

வெண்பனி:

அப்பா இப்போது நன்றாக இருக்கிறாரா? எங்கள் வீட்டில் கான்கிரீட் சுவர், அதனால் இதை நான் யோசிக்கவே இல்லை. நான் சொன்னதைக் கான்கிரீட் சுவருக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

சாய்வுநாற்காலி:

நன்றாக இருக்கிறார், நன்றி. இப்போது அவர் பக்கம் நான்கு கால் உள்ள கனமான மேசை.

மரத்தூள்:

கால் இருந்தாலும் கவனம் வேண்டும். ஒற்றைத் தண்டு மேசையில் விளிம்பில் அழுத்தினால் சாயும், அடித்தட்டு வார்ப்பு உலோகமாகக் கனமாக இருந்தால்தான் தாங்கும். மலிவாகச் செய்த நகல்களில் மிச்சம் பிடிப்பது அந்தக் கனத்தில்தான். கடையில் ஒரு விரலால் மேல்விளிம்பை அழுத்திப் பாருங்கள், அடி தூக்கினால் வேண்டாம். மூன்று கால் மேசை எந்தத் தரையிலும் ஆடாது, உண்மைதான், ஆனால் இரண்டு காலுக்கு நடுவில் விளிம்பை அழுத்தினால் நான்கு காலைவிடச் சீக்கிரம் கவிழும்.

அந்த வரிவரியான வேலைப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்கு அதில் ஆசை இருக்கிறது என்பதால். நன்றாகச் செய்தால் அது மிக அழகு, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு வரியும் தனி நிழல் தரும், வழவழப்பான உங்கள் அறைக்கு அது பொருந்தும். ஆனால் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கெட்டி மரத்தில் குடைந்ததா, எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) குடைந்து அதன்மேல் மரவடிவம் அச்சிட்ட தாளை ஒட்டியதா? தாள் என்றால் வரியின் முகட்டில்தான் முதலில் உரியும். வெனீர் பொதுவாக 0.6 மி.மீ. அளவுதான் இருக்கும், கூர்மையான முகட்டில் அதை மடிக்க முடியாது, அதனால் வரிகள் கொஞ்சம் அகலமாக, முகடு மழுங்கலாக இருப்பது நல்லது. 4 மி.மீ., 5 மி.மீ. வரிகளில் தூசி அடையும், துணி உள்ளே போகாது, பிரஷ்தான் வேண்டும். 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் விரலோடு துணி போய்விடும்.

மேசையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பலகை பள்ளத்தில் செருகியிருக்கிறதா, சிறு ஆணி அடித்து ஒட்டியிருக்கிறதா என்பதே செய்தவரின் மனசைச் சொல்லிவிடும். டிராயரை முழுக்க வெளியே இழுங்கள், முழு நீளமும் வரும் சேனல் (டிராயர் ஓடும் உலோகத் தடம்) இருந்தால்தான் உள்ளே பின்னால் கிடக்கும் மாத்திரையை எடுக்க முடியும், முக்கால் நீளம் மட்டும் வரும் சேனல் என்றால் கடைசிப் பத்து சென்டிமீட்டர் வீண். மெதுவாக மூடும் வசதி இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார். தொட்டால் திறக்கும் அமைப்பை மட்டும் நான் இந்த இடத்தில் வைக்க மாட்டேன், இருட்டில் கை பட்டாலே திறந்துகொள்ளும், பிறகு முழங்கால்.

மேல்பலகை கெட்டி மரம் என்றால் அது ஈரக் காலத்தில் அகலவாக்கில் விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். அதற்கு இடம் விட்டுத் திருகியிருக்க வேண்டும், திருகு ஓட்டை நீளவாக்கில் இருந்தால் தெரிந்தவர் செய்தது. எண்ணெய் பூசிய மரத்தில் தண்ணீர் வட்டம் விழுந்தால் லேசாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் தடவலாம், லேக்கர், அதாவது மேலே படலமாக நிற்கும் பூச்சு என்றால் வட்டம் எளிதில் விழாது ஆனால் விழுந்தால் வீட்டில் சரிசெய்வது கடினம். இன்னொன்று, விளக்குக்கும் கடிகாரத்துக்கும் அடியில் ரப்பர் கால் இருந்தால் அதில் உள்ள மென்மையாக்கும் ரசாயனம் லேக்கருக்குள் இறங்கி ஒட்டும், நாலு மாதம் கழித்துத் தூக்கினால் தடம் இருக்கும். அடியில் கம்பளித் துணி வட்டம் ஒட்டிவிடுங்கள்.

மின்மினி:

விளக்கு எங்கே வரப்போகிறது? தாழ்வான கட்டிலில் இதுதான் பெரிய சிக்கல், நான் பட்டதால் சொல்கிறேன். மேசையும் 46 செ.மீ.தான் என்றால் அதன்மேல் வைக்கும் விளக்கும் இறங்கிவிடும். சாய்ந்து உட்கார்ந்து படிக்கும்போது விளக்குக் கூண்டின் கீழ்விளிம்பு தோளுக்கும் கண்ணுக்கும் நடுவில் வர வேண்டும். அதற்குக் கீழே போனால் கூண்டின் மேல்வாய் வழியாக பல்பு கண்ணில் அடிக்கும், புத்தகத்திலோ வெளிச்சம் விழாது. மேசையை உயர்த்தி விளக்கைச் சரிசெய்யப் போனால் கை எட்டும் உயரம் கெடும். ஆகவே சுவர் விளக்குதான் சரி, பாயிண்ட் ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள். ஒருவர் தூங்க ஒருவர் படிப்பார் என்றால் திருப்பக்கூடிய குறுகிய ஒளிக்கற்றை, 2700 கெல்வின் அளவில் மஞ்சளான வெளிச்சம், சுவிட்ச் படுத்தபடியே எட்டும் இடத்தில். மேசையின் மேல் இடமும் மிஞ்சும், அவ்வளவு யோசித்து வாங்கிய மேல்பலகை விளக்கின் அடியில் மறையாது.

ஃபோனை டிராயருக்குள் சார்ஜ் செய்ய நினைத்தால் பின்பலகையில் கம்பி போக ஓட்டை இருக்க வேண்டும், பிளக்கே நுழையும் அளவுக்கு, 6 செ.மீ. விட்டமாவது. டிராயர் இழுக்கும்போது கம்பி கூடவே வர நீளம் விடுங்கள். மேல்பலகைக்கு அடியில் கம்பியில்லா சார்ஜர் பொருத்தித் தருகிறோம் என்பார்கள், சாதாரண சார்ஜர் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குத்தான், பலகை தடிமனாக இருந்தால் அதற்கென்றே செய்தது வேண்டும், நடுவில் உலோகத் தகடு இருந்தால் வேலையே செய்யாது, தகடு சூடாகும்.

வெண்பனி:

கண்ணாடி மேல்பலகையில் நள்ளிரவில் டம்ளர் வைத்தால் எழும் சத்தத்தை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். என் தங்கை வீட்டில் அதற்காகவே துணி விரித்துக் கண்ணாடியையே மறைத்துவிட்டார்கள்.

கடைசிப்பக்கம்:

உண்மை. அதோடு கைரேகை, அடியில் கிடக்கும் எல்லாமும் தெரியும். நான் கிரே மேசையைப் புகழ்ந்தாலும் மேல்வட்டம் உலோகத்தில் கிடைப்பதையே எடுப்பேன். ஆனால் தாழ்வாரத்தின் கணவர் பக்கம் அந்தச் சி வடிவம் இன்னும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது, அடிப்பாகம் கட்டிலுக்கு அடியில் போய்விடுவதால் 62 செ.மீ. இடத்தில் நடக்கவும் வழி கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, கட்டிலுக்கு அடியில் இடைவெளி இருக்க வேண்டும். பக்கப்பலகை தரை வரை வந்தால் நுழையாது.

தாழ்வாரம்:

நான்கு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், 4 செ.மீ.தான் இடைவெளி, நடுவில் ஒரு தாங்குகாலும் இருக்கிறது. குழாய் நுழையும், ஆனால் தாங்குகாலில் முட்டி நிற்கும். அது போயிற்று என்று உட்கார்ந்தபோது, சரி, கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று குளிர்பெட்டி வந்த அட்டையை வெட்டினேன்.

என் பக்கத்துக்கு 50 செ.மீ. விட்டத்தில் உருளை, அவர் பக்கத்துக்கு 42க்கு 38 செவ்வகம், இரண்டும் 46 செ.மீ. உயரம். உள்ளே பழைய செய்தித்தாள் கட்டு வைத்துக் கனமாக்கி மூன்று இரவு அதோடுதான் தூங்கினோம். முதல் இரவே தெரிந்தது என்னவென்றால் உருளை எனக்கு வேண்டும், மூலையே இல்லாததால் எழும்போது தொடையில் எதுவும் குத்தவில்லை. ஆனால் கட்டிலோடு ஒட்ட வைத்தாலும் வளைவு விலகிப்போவதால் தலைமாட்டுப் பக்கம் ஒரு முக்கோண இடைவெளி விழுகிறது, தலையணையிலிருந்து ஃபோன் அதில்தான் விழுந்தது. அவர் பக்கம் செவ்வகத்தின் முன்மூலை இரண்டு முறை இடித்தது. மூன்றாவது நாள் மூலையை டம்ளர் வைத்து வட்டமாக வெட்டினேன், அதற்கப்புறம் ஒரு புகாரும் இல்லை.

அதைவிட முக்கியமானது, இரண்டு வடிவமும் வேறு, நிறம் வெறும் அட்டை நிறம், ஆனால் உயரம் ஒன்றாக இருந்ததால் என் கணவரே "ஜோடி மாதிரிதானே இருக்கிறது" என்றார். கடைசிப்பக்கம் சொன்ன மேல்மட்டக் கோடு இதுதான் போலும்.

மரத்தூள் அண்ணா, கேள்வி உங்களுக்கு. 46 செ.மீ. உயரத்தில் கடையில் எதுவும் கிடைக்கவில்லை, எங்கள் ஆசாரியிடம் கொடுத்துச் செய்யலாமா? அந்த முக்கோண இடைவெளிக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

மரத்தூள்:

செய்யலாம், செய்ய வேண்டும். அட்டையில் மூன்று இரவு தூங்கிப் பார்த்ததைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முழு உருளை வேண்டாம். கட்டிலைப் பார்த்த பக்கத்தை நேராக வெட்டிவிடுங்கள், மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சீவிய வட்டம் போல இருக்கும். 50 செ.மீ. வட்டத்தில் விளிம்பிலிருந்து 7 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டினால் 35 செ.மீ. நீளத்துக்கு நேர்முகம் கிடைக்கும். முக்கோண இடைவெளி பெருமளவு போய்விடும், அறையிலிருந்து பார்க்கிறவருக்கு வளைவு மட்டும்தான் தெரியும். வரிகளை வளைவில் மட்டும் ஓட்டி நேர்முகத்தை வழவழப்பாக விடச் சொல்லுங்கள், போர்வை உரசுவது அந்தப் பக்கம்தான். டிராயர் வளைவில் வரும், முன்பலகை மட்டும் வளைந்திருக்கும், உள்ளே பெட்டி சதுரம்தான், கைப்பிடிக்குப் பதில் மேலே விரல் நுழையும் அளவுக்கு 20 மி.மீ. இடைவெளி. வரிகள் டிராயரையும் உடம்பையும் கடந்து ஒரே ஓட்டமாக வர வேண்டும், அதற்கு முழு வளைவையும் முதலில் ஒன்றாகச் செய்துவிட்டுப் பிறகுதான் டிராயர் முகத்தை அறுத்தெடுக்க வேண்டும், தனித்தனியாகச் செய்தால் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் கண்ணில் குத்தும். இதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் அவருக்கும் சங்கடம்.

உங்கள் கணவருக்கு மூலை வட்டமாக்கிய செவ்வகம், முன்னும் பக்கமும் திறந்தபடி, நடுவில் ஒரு தட்டு, விரித்துக் கவிழ்த்த புத்தகம் அப்படியே வைக்க உயரம் விட்டு. அதில் வரி வேண்டாம். இரண்டுக்கும் ஒரே கட்டையில் அறுத்த பலகை எடுக்கச் சொல்லுங்கள், நிறம் வருடம் போகப் போகச் சேர்ந்தே மாறும். வால்நட் என்றால் வெயில் படும் பக்கம் கொஞ்சம் வெளுக்கும், ஜன்னல் எந்தப் பக்கம்?

தாழ்வாரம்:

ஜன்னல் அவர் பக்கம். மேலே எண்ணெய்தான் பூசப்போகிறோம், மார்பிளை விட்டுவிட்டேன் ஈரக்கல், உங்களுக்கு நன்றி. என் களிம்பு டப்பாவுக்கு ஒரு சின்ன பித்தளைத் தட்டு வைத்துக்கொள்கிறேன், சுவர் விளக்கும் பித்தளை.

மரத்தூள்:

அப்படியானால் அவர் பக்கம் வாரம் ஒரு முறை புத்தகங்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள், முதல் ஆறு மாதமாவது. இல்லாவிட்டால் புத்தகம் இருந்த இடம் மட்டும் கருப்பாக நிற்கும். வரைபடம் போட்டதும் ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை இங்கே போடுங்கள், டிராயர் சேனலுக்கு விட்ட இடத்தை நான் பார்த்துவிடுகிறேன்.

தாழ்வாரம்:

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் அண்ணா. அட்டை மேசைகள் அதுவரை அங்கேயே இருக்கட்டும் என்கிறார், புத்தகங்களை ஏற்கெனவே அடுக்கிவிட்டார்.